இளகும் முடிச்சுகள்

ரப்பரை ஒருமுறை வேகவைத்தால் வேகவைத்ததுதான். அது பழைய நிலைக்குத் திரும்பாது.

கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் பால் வெட்டி, ஆசிட் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்துப் புகைக்கூண்டில் உலர்த்தி எடுக்கும் ஷீட் இன்னும் பச்சை ரப்பர்தான். வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்துக்கொள்ளும். இழுத்துப் பிடித்துக் கொஞ்ச நேரம் கழித்து விட்டால் முழுதாகப் பழைய நீளத்துக்கு வராது. அதில் கந்தகம் சேர்த்து 150 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடாக்கிய பிறகே அது டயராகவும் கேஸ்கட்டாகவும் உழைக்கத் தகுதி பெறுகிறது. அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் இதை 1839இல் கண்டார். 1844இல் காப்புரிமை பெற்றார். நம் ஊர்ப் பஞ்சர் கடைப் பலகைகளில் ‘வல்கனைசிங்’ என்று இன்றும் எழுதியிருப்பது இந்த வேலையைத்தான்.

அந்தச் சூட்டில் ரப்பருக்குள் என்ன நடக்கிறது என்பதை நிதானமாகப் பார்த்துவிட்டால், ஏறத்தாழ 120 ஆண்டுகள் கழித்து வந்த இன்னொரு பொருள்வகையின் அருமையும் எல்லையும் சேர்ந்தே விளங்கும். அதன் பெயர் தெர்மோபிளாஸ்டிக் எலாஸ்டோமர், சுருக்கமாக டி.பி.இ. ரப்பரைப் போல நீண்டு சுருங்கும், பிளாஸ்டிக்கைப் போல உருகி அச்சுக்குள் பாயும். பல் துலக்கும் பிரஷ்ஷின் மெத்தென்ற பிடி, மொபைல் உறை, ஷூவின் அடிப்பாகம், கார் கண்ணாடி ஏறி இறங்கும் தடத்தின் ஓரப்பட்டை என்று தினமும் நம் கையிலும் காலிலும் படுகிறது. நாம் எல்லாவற்றையும் ‘ரப்பர்’ என்றே சொல்லிவிடுகிறோம்.

ரப்பரின் மூலக்கூறு ஒரு நீண்ட சங்கிலி. சிறு கண்ணிகள் ஆயிரக்கணக்கில் கோத்தது. அறை வெப்பத்திலேயே அது ஓயாமல் நெளிந்துகொண்டிருக்கும். சுருண்டு கிடப்பதற்குக் கோடானுகோடி விதங்கள் உண்டு, நேராக நீண்டு நிற்பதற்கோ மிகச் சில விதங்கள்தான். ஆகவே இழுத்த சங்கிலியை விட்டால் வெப்ப அசைவே அதைச் சுருண்ட நிலைக்குக் கொண்டுவந்துவிடும். எஃகு ஸ்பிரிங்கில் அணுக்களுக்கு இடையே உள்ள தூரம் கூடிக் குறைகிறது. ரப்பரில் நெளிவு நேராகி, மறுபடி நெளிகிறது. அகலமான ரப்பர் பேண்டு ஒன்றைச் சட்டென்று இழுத்து மேலுதட்டில் வைத்துப் பாருங்கள், சூடு தெரியும். இழுத்தபடியே சற்று வைத்திருந்துவிட்டுத் தளர்த்தினால் குளிரும். இங்கிலாந்தின் கெண்டல் ஊரில் வாழ்ந்த ஜான் கஃப் இதை 1805இல் வெளியிட்டார். அவருக்குக் கண்பார்வை கிடையாது. உதட்டின் தொடுவுணர்வையே கருவியாக்கி அவர் கண்ட இந்தச் சிறு உண்மையில் ரப்பரின் இயல்பு முழுதும் அடங்கியிருக்கிறது.

ஆனால் சங்கிலி தனியாக இருந்தால் போதாது. இழுக்கும்போது பக்கத்துச் சங்கிலியை உரசி வழுக்கிக்கொண்டு போய்விடும். திரும்பி வர அதற்குப் பழைய இடம் என்று ஒன்று இருக்காது. பச்சை ரப்பரின் குறை இதுவே. கந்தகம் அங்கங்கே இரண்டு சங்கிலிகளை வேதிப்பிணைப்பால் முடிச்சுப் போடுகிறது. சில நூறு கண்ணிகளுக்கு ஒரு முடிச்சு இருந்தாலே போதும், வழுக்கல் நின்றுவிடும். அந்த முடிச்சுகளால் டயரின் ரப்பர் முழுதும் ஒரே வலையாகிவிடுகிறது. ஒரு வகையில் பார்த்தால் அது ஒரே ஒரு ராட்சத மூலக்கூறு. அதைச் சூடாக்கினால் முடிச்சு அவிழாது. இன்னும் சூடாக்கினால் முடிச்சோடு சங்கிலியும் சேர்ந்து கருகும். பழைய டயர்கள் ஊர் எல்லைகளில் மலைபோலக் குவிந்து கிடப்பதற்கு அடிப்படைக் காரணம் இந்த அவிழாத முடிச்சு.

சூட்டில் அவிழ்ந்து, ஆறியதும் தானே விழும் முடிச்சு ஒன்று கிடைக்குமா? வேதியியலாளர்கள் இதற்குப் பல வழிகளில் விடை தேடினார்கள். எல்லாவற்றிலும் தெளிவான விடை என்று நான் கருதுவது, போலந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மைக்கேல் ஷ்வார்ட்ஸின் ஆய்விலிருந்து வந்தது. சங்கிலியை வளர்க்கும்போது அதன் நுனி செத்துப்போகாமல் உயிரோடு வைத்திருக்க முடியும் என்று அவரும் அவரோடு பணிபுரிந்தவர்களும் 1956இல் காட்டினார்கள். நுனி உயிரோடு இருந்தால், ஒரு பொருளைக் கோத்து முடித்த பின் வேறொரு பொருளைத் தொடர்ந்து கோக்கலாம். அந்தக் குழுவில் இருந்த ரால்ஃப் மில்கோவிச் பின்னர் ஷெல் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே ஜெஃப்ரி ஹோல்டனும் அவரும் மூன்று துண்டுகள் கொண்ட சங்கிலி ஒன்றை உருவாக்கினார்கள். முதலில் கொஞ்சம் பாலிஸ்டைரின், நடுவில் நீளமாகப் பாலிபியூட்டடையீன், கடைசியில் மறுபடி கொஞ்சம் பாலிஸ்டைரின். இதுதான் எஸ்.பி.எஸ். 1965இல் கிரேட்டான் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது.

பாலிஸ்டைரின் கண்ணாடி போன்ற கெட்டிப் பிளாஸ்டிக். 100 டிகிரி வாக்கில்தான் இளகும். பாலிபியூட்டடையீன் ரப்பர், பூஜ்யத்துக்குக் கீழே 90 டிகிரிவரை போனால்தான் விறைக்கும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று கலக்க மறுப்பவை. வெறுமனே கலந்து வைத்தால் பிரிந்து ஒதுங்கிவிடும். இங்கே ஒரே சங்கிலியில் கோத்துவிட்டதால் ஒதுங்கவும் வழியில்லை. ஆகவே ஸ்டைரின் நுனிகள் மட்டும் பக்கத்தில் கிடைத்த மற்ற நுனிகளோடு கூடி, 10 முதல் 30 நானோமீட்டர் அளவில் நுண்ணிய கட்டிகளாகத் திரள்கின்றன. பெரும்பாலான சங்கிலிகளுக்கு ஒரு நுனி ஒரு கட்டியிலும் மறுநுனி இன்னொரு கட்டியிலும் மாட்டிக்கொள்ளும். நூல்களின் இரு முனைகளையும் வெவ்வேறு மெழுகு உருண்டைகளில் புதைத்து வைத்ததுபோல என்று வைத்துக்கொள்ளலாம். இழுத்தால் நூல் நீளும், முனை விடாது. சூடேற்றினால் மெழுகு இளகி நூல்கள் விடுபடும். ஆறவிட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

டி.பி.இ. வகைகள் எத்தனை இருந்தாலும் அடிப்படை இதுதான். மென்மையான பகுதி நெளியும், கெட்டியான பகுதி முடிச்சாக நிற்கும், அந்த முடிச்சு சூட்டுக்கு இளகும். தொழிற்சாலையில் கிடைக்கும் ஆதாயம் எல்லாம் முடிச்சு இளகுவதால் வருகிறது. பயன்பாட்டில் வரும் முக்கியச் சிக்கலும் முடிச்சு இளகுவதாலேயே வருகிறது. ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதை விட்டுவிட வழியில்லை.

ஆதாயத்தை முதலில் பார்ப்போம். வல்கனைஸ் செய்யும் பட்டறையில் ரப்பரோடு கார்பன் பிளாக், ஜிங்க் ஆக்சைடு, ஸ்டியரிக் ஆசிட், கந்தகம், ஆக்சிலரேட்டர் எல்லாவற்றையும் மில்லில் போட்டுப் பிசைய வேண்டும். பிசைந்ததை ஷீட்டாக இழுத்து, வெட்டி, எடை போட்டு, சூடான அச்சில் வைத்துப் பிரஸ்ஸில் பல நிமிடங்கள் அழுத்திப் பிடிக்க வேண்டும். கலவையை அதிகநாள் வைத்திருந்தால் அச்சுக்குப் போகும் முன்பே பாதி வெந்துவிடும். அச்சின் ஓரத்தில் பிதுங்கிய பிளாஷைக் கத்தரிக்க வேண்டும். கத்தரித்தது குப்பைக்குப் போக வேண்டியதுதான். டி.பி.இ. அப்படியல்ல. மூட்டையில் குருணையாக வருகிறது. ஹாப்பரில் கொட்டினால் இஞ்செக்‌ஷன் மெஷினின் ஸ்க்ரூ அதை இழுத்து, உருக்கி, அச்சுக்குள் தள்ளுகிறது. ரப்பருக்கு அச்சு சூடாக இருந்தால்தான் பொருள் கெட்டிப்படும். இதற்கு அச்சு குளிர்ந்திருந்தால்தான் கெட்டிப்படும். இந்தத் தலைகீழ் மாற்றத்தால் நிமிடங்கள் பிடித்த வேலை பல இடங்களில் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. அச்சுக்குப் போகும் வழியான ரன்னரில் நின்ற மிச்சத்தை கிரைண்டரில் அரைத்துப் புதுக் குருணையோடு ஓரளவு சேர்த்துக்கொள்ளலாம். கறுப்பாகவே இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வேண்டிய நிறம் சேர்க்கலாம்.

கிலோ விலையை மட்டும் பார்த்தால் டி.பி.இ. பெரும்பாலும் ரப்பர் கலவையைவிடக் கூடுதல்தான். இஞ்செக்‌ஷன் அச்சும் விலை அதிகம். ஒரு பொருளைச் சில நூறு மட்டும் செய்யப்போகிறவருக்கு ரப்பரே லாபம். எண்ணிக்கை லட்சங்களில் போகும்போதுதான் நேரமும் கூலியும் மிச்சமாகிக் கணக்கு மாறுகிறது. சிறு பட்டறைக்காரர்கள் இந்தக் கணக்கைப் போடாமல் மெஷின் வாங்கிவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூத் தொழிலில் இருப்பவர்களிடம் டி.பி.இ. என்றால் சிலர் யோசிப்பார்கள், டி.பி.ஆர். சோல் என்றால் உடனே தெரியும். அது பெரும்பாலும் எஸ்.பி.எஸ்.தான். ஆனால் தனியாக அல்ல. அதோடு எண்ணெய், கொஞ்சம் தனிப் பாலிஸ்டைரின், சுண்ணாம்புத் தூள் எல்லாம் சேரும். ஒவ்வொன்றும் எங்கே போய் உட்காருகிறது என்று பார்ப்பது சுவையானது. எண்ணெய், ரப்பர்ப் பகுதியில் ஊறி அதைத் தளர்த்துகிறது. சோல் மெத்தென்று ஆகும், உருகும்போது நன்றாகப் பாயும். தனிப் பாலிஸ்டைரினோ முடிச்சுகளோடு போய்ச் சேர்ந்து சோலைக் கெட்டிப்படுத்துகிறது. இந்த இரண்டையும் கூட்டிக் குறைத்தே குழந்தையின் செருப்புக்கும் பெரியவரின் ஷூவுக்கும் வேண்டிய பதம் வருகிறது. பி.வி.சி. சோலோடு ஒப்பிட்டால் டி.பி.ஆர். சோல் ஈரத்தரையில் நன்றாகப் பிடிக்கும். பனி பெய்யும் நாட்டுக்கு ஏற்றுமதியாகும் ஷூவில் பி.வி.சி. விறைத்து வெடிக்கும் குளிரிலும் இது வளையும். நடுத்துண்டு உறைவதற்கு அவ்வளவு கடுங்குளிர் வேண்டும் என்பதே காரணம்.

அதே சோலை ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்பவர் போட்டுக்கொண்டு எண்ணெய் சிந்திய தரையில் நாள் முழுக்க நின்றால் சீக்கிரமே ஊதி, மென்மையாகி, தேய்ந்துபோகும். முடிச்சு வேதிப்பிணைப்பு அல்ல, வெறும் திரட்சி. பெட்ரோலும் டொலுயீனும் அதைக் கரைத்துவிடும். எண்ணெய்த் தரைக்கு நைட்ரைல் ரப்பர் சோலோ பாலியூரித்தேன் சோலோதான் சரி. இந்தக் கரையும் குணமே இன்னோர் இடத்தில் வரமாகிறது. எஸ்.பி.எஸ்.ஸைக் கரைப்பானில் கரைத்தால் நல்ல பசை. பியூட்டடையீனுக்குப் பதில் ஐசோப்ரீன் வைத்த எஸ்.ஐ.எஸ்., பெட்டி ஒட்டும் டேப்பிலும் குழந்தைகளின் டயாப்பரைப் பிணைக்கும் சூட்டுப் பசையிலும் இருக்கிறது. சாலைத் தாரில் எடைக்கு 3 முதல் 5 சதவீதம் எஸ்.பி.எஸ். கலந்தால் அது தாரின் எண்ணெய்ப் பகுதியை உறிஞ்சி ஊதி, உள்ளே வலையாகப் பரவுகிறது. கோடையில் லாரிச் சக்கரம் பதிந்து பள்ளம் விழுவது குறையும், குளிரில் வெடிப்பது குறையும். இந்த மாதிரித் தாருக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 15462 உண்டு.

எஸ்.பி.எஸ்.ஸுக்கு இன்னொரு பகை வெயிலும் ஓசோனும். நடுத்துண்டில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளை அவை தாக்கும்; பொருள் வெடித்து விறைக்கும். அந்த இரட்டைப் பிணைப்புகளில் ஹைட்ரஜனை ஏற்றி அடைத்துவிட்டால் எஸ்.இ.பி.எஸ். கிடைக்கிறது. 1972இல் சந்தைக்கு வந்த இது விலை கூடியது, ஆனால் வெயிலையும் வார்ப்புச் சூட்டையும் தாங்கும். பல் பிரஷ் பிடி, ஸ்க்ரூடிரைவர் பிடி, இயர்போன் வயரின் மேலுறை, மருந்துக் குப்பி மூடியின் உள்பட்டை எல்லாம் பெரும்பாலும் இதன் கலவைகள்.

பிடி என்றதும் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். கெட்டிப் பிளாஸ்டிக் பிடியின் மேல் மென்மையான தோல் ஒன்றை வார்த்து ஒட்டுவதற்கு ஓவர்மோல்டிங் என்று பெயர். பசை கிடையாது. முதல் ஷாட்டில் பாலிப்ரொப்பிலீன் பிடி, இரண்டாவது ஷாட்டில் அதன் மேல் டி.பி.இ. உருகிய டி.பி.இ. அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கொஞ்சம் இளக்கி அதனோடு கலந்து உறைகிறது. ஆனால் இனம் இனத்தோடுதான் சேரும். பாலிப்ரொப்பிலீன் மேல் எஸ்.இ.பி.எஸ். கலவை பிரியாமல் ஒட்டும்; அதையே ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் மேல் வார்த்தால் நகத்தால் உரித்துவிடலாம். ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் போன்றவற்றுக்குப் பின்னால் நாம் பார்க்கப்போகும் டி.பி.யூ. வகையோ, அதற்கென்றே மாற்றிய எஸ்.இ.பி.எஸ். வகையோ வேண்டும். சில மாதங்களிலேயே பிடியின் மெத்தைத்தோல் கழன்று சுற்றும் கருவிகளில் பெரும்பாலும் இந்தப் பொருத்தம் பார்க்கப்படவில்லை என்று பொருள்.

1990இல் அமெரிக்காவில் ஆக்ஸோ நிறுவனம் வெளியிட்ட சமையல் கருவிகள் இந்தத் துறையில் ஒரு திருப்பம். அதன் நிறுவனர் சாம் ஃபார்பரின் மனைவி பெட்ஸிக்கு மூட்டுவாதம்; மெல்லிய உலோகப் பிடி கொண்ட தோல்சீவியைப் பிடிக்க முடியவில்லை. பருத்த, ஓரங்களில் மெல்லிய மடிப்புகள் வைத்த, ஈரக் கையிலும் நழுவாத பிடி தேவைப்பட்டது. அதற்குத் தேர்ந்தெடுத்த பொருள் சான்டோப்ரீன். வலியுள்ள கைக்காகச் செய்தது எல்லாருடைய கைக்கும் பிடித்துப்போனது.

சான்டோப்ரீன் என்பது டி.பி.வி. வகை. இதன் உள்ளமைப்பு எஸ்.பி.எஸ்.ஸிலிருந்து வேறுபட்டது. உருகிய பாலிப்ரொப்பிலீனோடு ஈ.பி.டி.எம். ரப்பரைப் போட்டுக் கடுமையாகக் கடையும்போதே ரப்பரை மட்டும் வல்கனைஸ் செய்துவிடுகிறார்கள். கடைவதும் வேகுவதும் ஒரே நேரத்தில் நடப்பதால் ரப்பர் ஒரே வலையாகப் படராமல், ஓரிரு மைக்ரோமீட்டர் துளிகளாக உடைந்து வேகும். அளவில் ரப்பர் அதிகமாக இருந்தாலும் அது துளித்துளியாகத் தனித்து நிற்க, குறைவான பாலிப்ரொப்பிலீனே தொடர்ச்சியாகச் சுற்றி நிற்கிறது. உருகிப் பாய்வது அந்தச் சுற்றுப்பொருள். மீள்வது, வெந்த துளிகளின் வேலை. இந்த வழியின் முதல் காப்புரிமை 1962இல் கெஸ்லருடையது. மொன்சான்டோ நிறுவனத்தில் கோரனும் பட்டேலும் முழுமையாக வேகவைத்துக் காட்டிய பின், 1981இல் சான்டோப்ரீன் வந்தது. அவிழாத முடிச்சையும் இளகும் முடிச்சையும் ஒரே பொருளுக்குள் வைத்துவிட்ட இந்த யோசனையை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான். கார் கண்ணாடித் தடங்கள், அவற்றின் மூலைத்துண்டுகள், எஞ்சின் அறையின் காற்றுக்குழாய்கள் இதில் செய்யப்படுகின்றன. ரப்பரை வேகவைக்காமல் பாலிப்ரொப்பிலீனோடு வெறுமனே கலந்தால் அது டி.பி.ஓ.; கார் பம்பர் பெரும்பாலும் அதுதான்.

டி.பி.யூ. என்னும் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன் இந்தக் குடும்பத்தின் கடின உழைப்பாளி. தேய்மானத்தை இதைப் போலத் தாங்கும் மென்மையான பொருள் குறைவு. ஹைட்ராலிக் சீல், நியூமேடிக் குழாய், சிறு சக்கரம், மாட்டின் காதில் மாட்டும் 12 இலக்க மஞ்சள் வில்லை எல்லாம் இதில்தான். மாடு வேலியில் உரசும், வெயிலில் கிடக்கும், அது உதிரக்கூடாது. மொபைல் உறையும் இதுவே. வாங்கும்போது பளிங்காக இருந்தது சில மாதங்களில் மஞ்சளாவது அழுக்கால் மட்டும் அல்ல, மலிவான டி.பி.யூ.வின் முடிச்சுப் பகுதியில் இருக்கும் பென்சீன் வளையங்கள் புற ஊதாக் கதிரில் நிறம் மாறுகின்றன. துடைத்தால் போகாது.

டி.பி.யூ.வில் இரண்டு கிளை உண்டு, வாங்குபவர் பலர் கேட்பதில்லை. மென்பகுதி பாலியெஸ்டர் என்றால் எண்ணெயையும் தேய்மானத்தையும் நன்றாகத் தாங்கும். ஈரச்சூட்டில் நீர் அந்த எஸ்டர் பிணைப்பை அறுக்கும். பாலிஈதர் என்றால் நீரையும் பூஞ்சையையும் தாங்கும். அலமாரியில் வருஷக்கணக்கில் போடாமல் வைத்திருந்த ஷூவை எடுத்து மாட்டினால் சோல் பிட்டுப்பிட்டாக உதிர்கிறதே, அது இதன் உறவான பாலியெஸ்டர் வகைப் பாலியூரித்தேன் நுரைக்குக் காற்றின் ஈரம் செய்தது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இது சீக்கிரம் நடக்கும். தொழிற்சாலையிலும் ஈரம் இதற்கு ஆகாது. குருணையை உலர்த்தும் டிரையரில் சில மணி நேரம் வைக்காமல் உருக்கினால், ஈரம் ஆவியாகிக் குமிழும் வெள்ளிக் கோடுகளும் விழும். அதைவிடக் கேடு கண்ணுக்குத் தெரியாதது: உருகிய சங்கிலிகளை நீர் வெட்டிவிடும், பார்க்க நன்றாக இருக்கும் பொருள் பயன்பாட்டில் கிழியும். முப்பரிமாண அச்சுக்கு டி.பி.யூ. இழை வாங்குகிறவர்களும் மழைக்காலத்தில் இதை மறக்கக்கூடாது.

டி.பி.சி. எனப்படும் பாலியெஸ்டர் வகை, கார் ஆக்சிலின் மடிப்புக் கவசத்தில் குளோரோபிரீன் ரப்பரின் இடத்தைப் பிடித்தது. பாலிஅமைடு வகையான பீபாக்ஸ், மெல்லிய மருத்துவக் குழாய்களிலும், 2017 முதல் நெடுந்தூர ஓட்டக்காரர்களின் ஷூ நுரையிலும் பேர் வாங்கியது.

வாங்குபவர்கள் முதலில் கேட்பது கடினத்தன்மை. ஷோர் ஏ அளவுகோலில் ஒரு சிறு ஊசி பொருளுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கிறார்கள். முழுக்க இறங்கினால் 0, இறங்கவே இல்லையென்றால் 100. கார் டயரின் மேல்பரப்பு 60, 70 வாக்கில் இருக்கும். இந்த எண் பொருளின் வலிமையையும் சொல்லாது, வளைவையும் முழுதாகச் சொல்லாது. பாதி கனத்தில் வார்த்தால் 90 உள்ள டி.பி.யூ.வும் நன்றாக வளையும். ஷோர் எண்ணை மட்டும் வைத்துப் பொருள் தேர்ந்தெடுக்கும் வழக்கம்தான் நான் பார்த்தவரை பெரும்பாலான தோல்விகளுக்குத் தொடக்கம்.

கேட்க வேண்டிய எண் வேறு. பிரஷர் குக்கரின் கேஸ்கட்டை எடுத்துக்கொள்வோம். மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே அழுந்திக் கிடக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறும்போது வெப்பம் 120 டிகிரி வாக்கில் போகும். அப்படி அழுந்தியபடியே, அந்தச் சூட்டில், நாள்தோறும். அடுப்பை அணைத்து மூடியைத் திறந்ததும் அது பழைய தடிமனுக்கு எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் மறுநாள் ஆவி கசியும். எஸ்.இ.பி.எஸ். கேஸ்கட் ஒன்று செய்து போட்டால், முதல் சில நாட்களிலேயே அதன் ஸ்டைரின் முடிச்சுகள் இளகும். அழுத்தத்தில் நுனிகள் பழைய கட்டியை விட்டு நழுவி, அழுந்திய நிலையிலேயே புதுக் கட்டிகளில் சேரும். ஆறியதும் அங்கேயே உறையும். அதற்கு இப்போது அழுந்திய வடிவமே சொந்த வடிவம். டி.பி.வி. இன்னும் கொஞ்சம் தாங்கும். ஆனால் அதன் சுற்றுப்பொருளான பாலிப்ரொப்பிலீனும் சூட்டில் மெல்ல இடம் கொடுக்கும். அதனால் குக்கர் கேஸ்கட் இன்றும் வல்கனைஸ் செய்த நைட்ரைல் ரப்பரிலோ சிலிக்கோனிலோதான் செய்யப்படுகிறது. கார் கதவைச் சுற்றி எப்போதும் அழுந்திக் கிடக்கும் முதன்மை சீல் வெந்த ஈ.பி.டி.எம். ஆக இருப்பதும், டயர் முழுதாக டி.பி.இ.க்கு மாறாததும் இதனால்தான். ஓடும் டயர் உள்ளுக்குள் சூடேறிக்கொண்டே இருக்கும். முடிச்சு இளகக்கூடாத இடம் அது. வாணலியில் கிளறும் மென்கரண்டியும் அப்படியே. அது சிலிக்கோனாக இருக்க வேண்டும், டி.பி.இ.யாக இருந்தால் உருகி உணவில் கலக்கும்.

மாறாக, அழுத்தம் சிறிது நேரமே இருந்து, சூடும் இல்லாத இடங்களில் டி.பி.இ. அருமையாக உழைக்கும். ஊசிச் சிரிஞ்சின் உந்து முனை நல்ல எடுத்துக்காட்டு. இயற்கை ரப்பர்ப் பாலின் புரதம் ஒவ்வாத நோயாளிகளுக்கு அது பாதுகாப்பும்கூட.

மறுசுழற்சி பற்றி ஒரு சொல். டி.பி.இ. மறுபடி உருகும் என்பது மெய். தொழிற்சாலைக்குள் ரன்னரும் கழிவும் மெய்யாகவே திரும்பப் பயன்படுகின்றன, குப்பை குறைகிறது. ஆனால் பெட்டியின் மேல் ‘மறுசுழற்சி செய்யத்தக்கது’ என்று அச்சடிப்பதை நான் ஏற்கமாட்டேன். தேய்ந்த ஷூவில் தோல், துணி, பசை, சோல் எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. பல் பிரஷ்ஷில் நைலான் மயிர், பாலிப்ரொப்பிலீன் தண்டு, டி.பி.இ. தோல், பிரிக்க முடியாதபடி ஒட்டும் திறமையே அதன் பெருமை. அவற்றைப் பிரித்து எடுக்க நம் ஊரில் யாரும் இல்லை. எஸ்.பி.எஸ். ஒவ்வொரு முறை உருகும்போதும் நடுத்துண்டின் இரட்டைப் பிணைப்புகள் தாமே முடிச்சிட்டுக்கொண்டு கட்டிகட்டவும் செய்யும். ஒரே பொருளால் ஆன வடிவமைப்பும், திரும்பப் பெறும் ஏற்பாடும் இருந்தாலொழிய அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை.

கேட்க வேண்டிய எண் வேறு என்றேன் அல்லவா, அதற்கு வருவோம். சீல், கேஸ்கட், மூடி, வாஷர் என்று அழுந்திக் கிடக்கும் எதைச் செய்வதாக இருந்தாலும் விற்பவர் தரும் தகவல் தாளில் கம்ப்ரெஷன் செட் என்ற வரியைத் தேடுங்கள். அழுந்தியது எவ்வளவு மீளவில்லை என்பதைச் சதவீதத்தில் சொல்லும் எண் அது; 0 என்றால் முழுதாக மீண்டது, 100 என்றால் மீளவே இல்லை. பக்கத்தில் எந்த வெப்பநிலை என்று பாருங்கள். 23 டிகிரி என்று போட்டிருந்தால் அந்த எண் அழகாகவே இருக்கும். அதே பொருளின் 70 டிகிரி எண்ணைக் கேளுங்கள், உங்கள் பொருள் 100 டிகிரியில் இருக்கப்போகிறது என்றால் 100 டிகிரி எண்ணைக் கேளுங்கள். நன்கு வெந்த ஈ.பி.டி.எம். 70 டிகிரியில் 25க்குள் நிற்கும் இடத்தில், எஸ்.இ.பி.எஸ். கலவைகள் பல 40ஐத் தாண்டிவிடும். எண் தர மறுத்தால் நீங்களே சோதிக்கலாம். 12.5 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு வில்லை, இரண்டு எஃகுத் தட்டு, நடுவே 9.5 மில்லிமீட்டர் தடுப்பு, நான்கு போல்ட். தட்டுகள் தடுப்பில் முட்டும்வரை முறுக்கி, உங்கள் பொருள் சந்திக்கப்போகும் சூட்டில் ஓவனில் 22 மணி நேரம். வெளியே எடுத்ததும் வில்லையை விடுவித்து, அறையில் அரை மணி நேரம் வைத்துவிட்டு வெர்னியரால் அளக்க வேண்டும். 12 மில்லிமீட்டர் காட்டினால் 3 மில்லிமீட்டர் அழுந்தியதில் அரை மில்லிமீட்டர் மீளவில்லை, அதாவது ஏறத்தாழ 17 சதவீதம், எடுத்துக்கொள்ளலாம். 11 காட்டினால் 50 சதவீதம். அந்தச் சூட்டில் அந்தக் கலவை சீலுக்கு ஆகாது.